டார்சி எப்போது ‘நீ’ என்பார்?

சப்டைட்டில் எழுதும் மேசையில் எப்போதும் இடத்துக்குத்தான் தட்டுப்பாடு. திரையின் அடியில் இரண்டே வரி. பாத்திரம் பேசி முடிப்பதற்குள் பார்ப்பவர் படித்தாக வேண்டும். ஆங்கிலத்தின் குட்டி ‘யூ’ தமிழில் ‘நீங்கள்’ ஆகிவிட்டால் அதோடு நிற்காது, வினையையும் இழுத்து நீட்டும். ‘வந்தாய்’ அடங்குகிற இடத்தில் ‘வந்தீர்கள்’ அடங்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இடம் போதாதபோதெல்லாம் ‘நீ’ போட்டுக் கடந்துவிடுவேன். துப்பறியும் தொடர்களிலும் சமையல் போட்டிகளிலும் அது யாரையும் உறுத்தவில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினிடம் வந்தபோதுதான் உறுத்தியது.

ஜோ ரைட் இயக்கிய 2005ஆம் ஆண்டின் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ என் மேசைக்கு வந்தபோது, 1813இல் வெளியான மூல நாவலை நான் படித்திருக்கவில்லை. மழையில் நனைந்தபடி கல்தூண்களுக்கு இடையே நின்று நாயகன் டார்சி நாயகி எலிசபெத்திடம் தன் காதலைச் சொல்லும் காட்சிக்கு, ‘நான் உன்னைக் காதலிக்கிறேன், உயிருக்கு உயிராக’ என்று எழுதி அனுப்பினேன். அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்று அழைக்கும் எங்கள் சரிபார்ப்பாளர் அந்த வரிக்கு மட்டும் ஒரு குறிப்பு எழுதித் திருப்பியிருந்தார்: “இவர் எந்த உரிமையில் ‘நீ’ என்கிறார்?”

நேரில் போய்க் கேட்டேன். “காதலைச் சொல்லும்போது ‘நீ’தானே அக்கா வரும்? நம் பாட்டெல்லாம் அப்படித்தானே?”

“அந்தப் பெண் இன்னும் சம்மதிக்கவே இல்லையே அம்மா. இந்த நிமிடம் அவள் அவருக்கு யார்? புத்தகத்தைப் படித்துவிட்டு வா, பேசுவோம்.”

மின்சார ரயிலில் போக வர இரண்டு வாரம் படித்தேன். படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் படிப்பதைக் குறைவாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பெரிய வரமாக இருந்தது. யார் யாரை மணக்கப்போகிறார் என்பது முன்பே தெரிந்துவிட்டதால் கதையைத் துரத்த வேண்டியிருக்கவில்லை. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று நிதானமாகக் காது கொடுக்க முடிந்தது. 23 ஆண்டுகள் குடும்பம் நடத்திய பின்னும் எலிசபெத்தின் அம்மா திருமதி பென்னெட் தன் கணவரை ‘மிஸ்டர் பென்னெட்’ என்றே அழைக்கிறாள். மூத்தவள் ஜேன் மட்டும் ‘மிஸ் பென்னெட்’. இளையவள் எலிசபெத் வெளியாருக்கு ‘மிஸ் எலிசபெத் பென்னெட்’. ஆங்கிலத்தில் மரியாதைப் பன்மை இல்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் அதைப் பெயரில் வைத்திருந்தார்கள். என் பாட்டி ரேஷன் கடையில் தாத்தாவின் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார். அவருக்கு இந்த நாவல் உடனே புரிந்திருக்கும்.

பிறகு வரிசையாக இதே பாதையில் போனேன்: முதலில் படம், அடுத்து புத்தகம். ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யை எம்மா தாம்ப்ஸனின் திரைக்கதையில் ஆங் லீ இயக்கிய 1995ஆம் ஆண்டுப் படமாகப் பார்த்துவிட்டு, 1811இல் வந்த நாவலைப் பிரித்தேன். வில்லோபி என்ற இளைஞன், தன்னைக் காதலிக்கும் மாரியன்னுக்கு ஒரு குதிரையைப் பரிசளிக்க முன்வருகிறான். வாங்கிக்கொள்ள முடியாத நிலை என்று அவள் தணிந்த குரலில் சொல்ல, “அந்தக் குதிரை இன்னும் உன்னுடையதுதான், மாரியன்” என்கிறான். ‘மிஸ்’ ஒட்டாத வெறும் பெயர். அருகில் இருக்கும் அக்கா எலினருக்கு அந்த ஒரு சொல் போதும். இருவருக்கும் திருமணம் நிச்சயமாகிவிட்டது என்றே முடிவு கட்டிவிடுகிறாள். உண்மையில் நிச்சயம் எதுவும் நடந்திருக்கவில்லை. வில்லோபி பின்னால் 50,000 பவுண்டு சொத்துள்ள வேறொருத்தியை மணந்துகொள்கிறான். எனக்கு ரயிலிலேயே உடம்பு சில்லிட்டது. கணக்கில்லாமல் நான் போட்டுத் தள்ளிய ‘நீ’க்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தவறாகப் படிக்க வைக்கும் அளவுக்கு ஒரு விளிச்சொல்லுக்குச் சக்தி உண்டு என்பதை 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கதையாக்கி வைத்திருந்தார்.

ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலில் இது இன்னும் இனிமையாக வருகிறது. நாயகி எம்மாவைவிட, அவள் மணக்கப்போகும் நைட்லிக்கு 16 வயது அதிகம். திருமணம் நிச்சயமான பிறகு, தன்னைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்கிறார். முடியவே முடியாது, எப்போதும் ‘மிஸ்டர் நைட்லி’தான் என்கிறாள் அவள். ஒரே ஒரு முறை பெயர் சொல்வதாக வாக்குக் கொடுக்கிறாள், அதுவும் தேவாலயத்தில் மணமுடிக்கும் நேரத்தில். ஷார்லட் பிரான்டியின் ஜேன் அயர் தன் எஜமானரை ‘ஸர்’ என்றே அழைத்து வந்தவள். என் பெயரைச் சொல், ‘எட்வர்ட்’ என்று சொல் என அவர் மன்றாடுகிற இடத்தில்தான் அந்தக் காதல் முகம் காட்டுகிறது.

நவீன மறுகூறல்களுக்கு வரும்போது இந்தச் செல்வம் கையை விட்டுப் போகிறது. ஏமி ஹெக்கர்லிங்கின் ‘க்ளூலெஸ்’ எம்மாவை பெவர்லி ஹில்ஸ் பள்ளி மாணவியாக்கியது. எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் எம்மாவின் இடத்தில் வரும் ஷேரும் நைட்லியின் இடத்தில் வரும் ஜோஷும் எடுத்த எடுப்பிலேயே ‘நீ’தான், கடக்க வேண்டிய படி எதுவும் மிச்சமில்லை. ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைத் தழுவிய நம் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) வேறு வழியில் ஈடு செய்தது. நாவலில் மாரியன் ஆங்கிலக் கவிஞர் கூப்பரின் கவிதையில் உருகுவாள். அந்த இடத்தில் ராஜீவ் மேனன் பாரதியை வைத்தார். ‘சுட்டும் விழிச்சுடர்’ தெரிந்த ஒருவனிடம் மாரியனுக்கு இணையான மீனாட்சி மயங்குவதைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வில்லோபியின் கடன், அவனுக்கு இணையான ஸ்ரீகாந்தின் நிதி நிறுவனச் சரிவாக மாறியது. தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்களில் பணத்தைப் போட்டு இழந்த குடும்பங்கள் நம் தெருக்களில் இருந்தன. உடையும் அரண்மனையும் மாறாமல் எடுக்கப்பட்ட எத்தனையோ படங்களைவிட இது ஆஸ்டினுக்கு நெருக்கமானது என்பது என் உறுதியான எண்ணம். பணம் எந்த வழியாகக் காதலுக்குள் நுழைகிறது என்பதை அது சரியாகப் பிடித்துக்கொண்டது.

மீண்டும் டார்சிக்கு வருகிறேன். அவரது நாவலை முடித்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன். முதல் வேலையாக மழைக் காட்சியில் ‘உங்களை’ என்று மாற்றினேன். இடம் போதவில்லை, ‘உயிருக்கு உயிராக’ போய், ‘உயிராக’ மட்டும் நின்றது. அதுவே நன்றாக இருந்தது. எலிசபெத் சீறும் வரிகளில் இன்னும் சோதனை. தமிழில் கோபம் வந்தால் மரியாதைதான் முதலில் விழும். ஆனால் அவள் விழ விடமாட்டாள். ‘நீங்கள்’ என்று சொல்லிக்கொண்டே அறுப்பதுதான் அவள் இயல்பு. டார்சியின் சித்தியான லேடி கேத்தரின் மட்டும் அவளிடம் ‘நீ’ என்று பேசட்டும் என்று விட்டேன். அந்த அம்மாளுக்கு அந்த மிடுக்கு பொருந்துகிறது.

என் வேலை எதுவும் இல்லாத ஒரு கணமும் அந்தப் படத்தில் இருக்கிறது. டார்சியின் நண்பர் வசிக்கும் நெதர்ஃபீல்டு மாளிகையிலிருந்து கிளம்பும் எலிசபெத்தை டார்சி கைபிடித்து வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கிறார். தொட்ட கையின் விரல்கள் ஒரு முறை விரிந்து விறைக்கின்றன. வசனம் கிடையாது. நாவலின் அதே கட்டத்தில் அப்படியொரு தொடுதலே இல்லை. அரைமணி நேரம் அவளோடு தனியே இருந்தும், நிமிர்ந்து கூடப் பார்க்காமல் பிடிவாதமாகப் புத்தகத்திலேயே கண்ணாக இருந்தார் என்று மட்டும் ஆஸ்டின் எழுதுகிறார். நாவலின் அந்தப் பாராமுகமும் படத்தின் இந்த விரல்களும் ஒரே அடக்கத்திலிருந்து வந்தவை. இரண்டையும் அறிந்த பிறகு ஒன்றைப் பார்க்கும்போது மற்றது தானே வந்து சேர்ந்துகொள்கிறது.

கடைசியில் விடியற்காலை வயல்வெளிக் காட்சி. டார்சி மூன்று முறை தடுமாறித் தன் காதலைச் சொல்கிறார். இப்போதாவது ‘உன்னை’ என்று போடலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

“அவர் ‘நீ’ என்றால் அவளும் ‘நீ’ என்பாளா?”

யோசித்தேன். நம் வாசகரின் காதில் அவள் ‘நீ’ என்றால் ஒட்டாது. அவர் மட்டும் ‘நீ’ என்று இறங்கி அவள் ‘நீங்கள்’ என்று நின்றால், அவ்வளவு தூரம் சமமாக நடந்து வந்தவளை வாசலில் வைத்துச் சிறியவளாக்கியது போலாகும். இருவருக்கும் ‘நீங்கள்’ என்றே வைத்தேன். அவர் கையை எடுத்து முத்தமிட்டு அவள் சொல்லும் சிறிய வரிக்கு நேரம் தாராளமாக இருந்தது. எதையும் வெட்டாமல் முழுதாக எழுதினேன்: ‘உங்கள் கைகள் சில்லிட்டிருக்கின்றன.’

அந்த வரிக்கு அக்கா குறிப்பு எதுவும் எழுதவில்லை.