தும்புத்தடி இரண்டு

கொழும்பு வடக்கில் ஒரு துண்டு நிலத்தில் ஸ்கேட் பார்க் வடிவமைக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, சில்லு பூட்டிய பலகையான அந்த ஸ்கேட்போர்டில் நான் ஒரு தடவையும் ஏறியிருக்கவில்லை. ஆனாலும் முதல் கூட்டத்துக்கு வடிவான படங்களோடு போனேன். நடுவில் 8 அடி ஆழத்தில் கிண்ணம் மாதிரி ஒரு பௌல். டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டை முதன்முதலாகச் சேர்த்தார்கள், 2021இல் ஜப்பானின் 13 வயது மொமிஜி நிஷியா தங்கம் வென்றாள் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன். பெரியவர்கள் கைதட்டினார்கள். பிறகு ஒரு மணித்தியாலம் வேலியையும் லைட்டையும் பற்றிக் கதைத்தார்கள். போர்டை மடியில் வைத்திருந்த பொடியன்கள் பின்வரிசையில் பேசாமல் இருந்தார்கள்.

ஒரு ஆச்சி மட்டும் கேட்டார்: "மகள், மழை பெஞ்சா இந்தக் கிடங்குல தண்ணி எங்க போகும்?"

என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்தில் தோண்டினாலே தண்ணீர் ஊறும். தெரு வடிகாலோ பௌலின் அடியைவிட உயரம். தண்ணீரை ஏற்றும் பம்ப் ஒரு கிழமை நின்றால் டெங்கு நுளம்புக்கு நாங்களே தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி. தோண்டும் எண்ணத்தை அன்றைக்கே விட்டேன். பௌல் 4 அடியாகச் சுருங்கி நிலத்துக்கு மேலே ஏறியது.

அடுத்த சனிக்கிழமை கூட்ட மண்டபம் வேண்டாம் என்று, பக்கத்து வாகனத் தரிப்பிடத்துக்கு சோக்கும் அளவு நாடாவும் கொண்டுபோனேன். என் வரைபடத்தை அதே அளவில் தரையில் கீறினோம். ஒரு பொடியன் ஏறித் தள்ளினான். இரண்டாவது தள்ளுக்கே சோக்குக் கோடு வந்துவிட்டது, குதித்து இறங்கினான். "மிஸ், மூணு தள்ளாவது தள்ளணும். பாஞ்சு விழுந்த பிறகு நிக்கவும் இடம் வேணும்." அவன் கேட்டது நான் விட்டிருந்த இடத்தைப்போல இரண்டு மடங்கு. அந்த இடத்துக்காக, பாய்வதற்கென்று நான் கீறிய படிகளில் பாதியை அவர்களே காலால் அழித்தார்கள். ஓரத்தில் நின்ற மூன்று பெண்பிள்ளைகள் தம்பியை அனுப்பிக் கேட்டது ஒன்றுதான்: பெரிய பொடியன்கள் குறுக்கே வராத ஒரு மூலை, விழுந்து பழக. அதை எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கட்டும்போது தவறு என்னுடையது. கொங்கிறீற் மேற்பரப்பு 'வழவழப்பாக' என்று மட்டும் எழுதியிருந்தேன். சில்லின் விட்டமே 52, 54 மில்லிமீற்றர். சின்னக் கல் ஒன்று தட்டினாலும் ஆள் முன்னால் பறப்பார். மேசன் பாஸ் நல்ல மனுசன். பிள்ளைகள் வழுக்கி விழக்கூடாதென்று, கராஜ் சரிவுக்குச் செய்வதுபோல ஈரக் கொங்கிறீற்றின் மேல் கூட்டுகிற தும்புத்தடியால் இழுத்துச் சொரசொரப்பாக்கிவிட்டார். மெசினால் தேய்த்துச் சரிசெய்ய ஒரு கிழமை. நிழல் கூரைக்கு வைத்திருந்த காசு அதிலே போனது.

நிழலுக்கு இப்போது பழைய மாரா மரம்தான். அது கொட்டும் இலையும் காயும் சில்லுக்குள் சிக்கும். பொடியன்கள் கேட்டபடி கடைசி மதிப்பீட்டில் 'தும்புத்தடி 2' என்று எழுதினேன். கணக்குப் பகுதி அதை வெட்டிவிட்டது. புறக்கோட்டையில் நானே வாங்கி, ஓட்டோவில் நீட்டிப் பிடித்தபடி கொண்டுபோய்க் கொடுத்தேன்.