லூக்கா முதல் அதிகாரத்தின் இரண்டு பிறப்பு அறிவிப்புகள்: புதிய ஏற்பாட்டுத் தேர்வு எழுதுவோருக்கு ஓர் அனுபவ வழிகாட்டல்

இறையியல் படிப்பில் நற்செய்தி நூல்களுக்கான தாளை எழுதவிருக்கும் பலரும் லூக்கா முதல் அதிகாரத்தை எளிய பகுதி என்று எண்ணி, கடைசி வாரத்திற்குத் தள்ளி வைக்கிறார்கள். ஞாயிறு பள்ளி நாள்களிலிருந்தே கேட்டுப் பழகிய வரலாறு என்பதால் அந்த எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் "யோவானின் பிறப்பு அறிவிப்பையும் இயேசுவின் பிறப்பு அறிவிப்பையும் ஒப்பிட்டு ஆராய்க" என்று கேட்கப்படும்போது, கதையை மீண்டும் சொல்வது விடையாகாது. லூக்கா இரண்டையும் எதற்காக அடுத்தடுத்து வைத்தார் என்பதைக் காட்டுவதே விடை. நான் படித்த முறையையும் அதிலிருந்து எனக்குத் தெளிவானவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நோட்டைத் திறந்து, இடப்பக்கத்தில் யோவான் ஸ்நானகனின் தகப்பனாகிய சகரியாவுக்கு வந்த அறிவிப்பையும் (1:5-25), வலப்பக்கத்தில் இயேசுவின் தாயாகிய மரியாளுக்கு வந்த அறிவிப்பையும் (1:26-38) கையால் எழுதினேன். ஒரே கட்டத்தில் நடப்பவை ஒரே வரிசையில் வரும்படி இடைவெளி விட்டு எழுத வேண்டும். அப்படி எழுதி முடித்தவுடன், தூதன் தோன்றுதல், கலக்கம், "பயப்படாதே" என்ற சொல்லும் பிள்ளைக்கு இட வேண்டிய பெயரும், கேட்பவரின் கேள்வி, அடையாளம் என்னும் ஐந்து படிகளும் இரு பக்கங்களிலும் அதே ஒழுங்கில் நிற்பது கண்ணில் படும். இந்த அமைப்பு லூக்காவுக்கு முன்பே பழைய ஏற்பாட்டில் உள்ளது. இஸ்மவேல் (ஆதியாகமம் 16), ஈசாக்கு (ஆதியாகமம் 17, 18), சிம்சோன் (நியாயாதிபதிகள் 13) ஆகியோரின் பிறப்பு அறிவிப்புகளில் இதே படிகளில் பலவற்றைக் காணலாம். இவற்றுள் நியாயாதிபதிகள் 13-ஐ முதலில் வாசிக்கும்படி வற்புறுத்துவேன். பிள்ளையில்லாத தாய், திராட்சரசத்தையும் மதுவையும் விலக்கும் கட்டளை, பிறக்கும் முன்பே தேவனுக்கென்று பிரிக்கப்பட்ட பிள்ளை ஆகிய மூன்றும் அங்கே இருப்பதால், யோவானைப் பற்றிய வசனங்கள் எந்த மரபில் பேசுகின்றன என்பது உடனே விளங்கும்.

ஒற்றுமைகளோடு நிறுத்திவிடும் விடைகளே அதிகம். மதிப்பெண்ணும், அதைவிட முக்கியமாக லூக்காவின் கருத்தும், வேற்றுமைகளில்தான் இருக்கின்றன. முதல் அறிவிப்பு எருசலேம் தேவாலயத்தில், ஆசாரியப் பிரிவுகளில் ஒன்றான அபியாவின் வகுப்பைச் சேர்ந்த சகரியா சீட்டு விழுந்தபடி தூபங்காட்டும் நேரத்தில், தூபபீடத்தின் வலப்பக்கத்தில் நிகழ்கிறது. இரண்டாவது, பழைய ஏற்பாட்டில் பெயரே குறிக்கப்படாத நாசரேத்தில் நிகழ்கிறது. சகரியாவுக்கு அவருடைய வேண்டுதல் கேட்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது. மரியாள் எதையும் வேண்டியதாக லூக்கா எழுதவில்லை. யோவான் "கர்த்தருக்கு முன்பாகப் பெரியவனாயிருப்பான்" (1:15). இயேசுவுக்கோ எந்த அடைமொழியும் இன்றி "பெரியவராயிருப்பார்" என்றே சொல்லப்பட்டு, தாவீதின் சிங்காசனமும் முடிவில்லாத ராஜ்யமும் உடன் வருகின்றன (1:32, 33). அந்த இரண்டு வசனங்களுக்கு அருகில் 2 சாமுவேல் 7:12-16 என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யோவான் தாயின் வயிற்றிலேயே பரிசுத்த ஆவியினால் நிரப்பப்படுகிறார். இயேசுவின் கருத்தரிப்பே ஆவியானவரின் செயல். ஒவ்வொரு படியிலும் முன்னோடியாகிய யோவானை உயர்த்தி, அவருக்கு மேலே மேசியாவாகிய இயேசுவை வைக்கும் இந்த ஏறுமுகமே பகுதியின் நடுநரம்பு.

இனி, வகுப்பில் எப்போதும் விவாதத்தைக் கிளப்பும் கேள்விக்கு வருவோம். சகரியாவும் கேட்டார், மரியாளும் கேட்டார். சகரியா மட்டும் ஏன் பிள்ளை பிறக்கும் வரை ஊமையாக்கப்பட்டார்? "இதை நான் எதினால் அறிவேன்" என்ற சகரியாவின் கேள்வி, ஆதியாகமம் 15:8-இல் ஆபிரகாம் கேட்ட கேள்வியேதான். அங்கே தண்டனை இல்லை, உடன்படிக்கை கிடைத்தது. இதைக் கவனித்தவர்கள், "சகரியா ஐயப்பட்டார், மரியாள் நம்பினார்" என்று ஒரே வரியில் முடிக்க மாட்டார்கள். ஆபிரகாம் விசுவாசித்தார் என்பது அவர் கேட்பதற்கு முன்பே, 15:6-இல் சொல்லப்பட்டுவிடுகிறது. மேலும், ஆபிரகாம் சாராளின் வரலாற்றை அறிந்த ஆசாரியர், அவர்களைப் போன்ற முதுமையில், அவர்களுக்குக் கிடைத்த அதே வாக்கைப் பெற்றும் சான்று கேட்கிறார். மரியாளோ சான்று கேட்கவில்லை. "இது எப்படியாகும்" என்று வழியைக் கேட்கிறார். முன்மாதிரியே இல்லாத ஒன்று அவருக்குச் சொல்லப்பட்டது. இன்னொன்றையும் சேர்த்து எழுதலாம்: சகரியா கேட்ட அடையாளம் அவருக்கு மறுக்கப்படவில்லை, அந்த மௌனமே அடையாளமாகவும் அமைந்தது. பெயரிடும் நாளில் உறவினர்கள் அவரிடம் சைகையால் கேட்டார்கள் என்ற 1:62, அவர் செவியும் அடைபட்டிருந்ததைக் காட்டுவதாகத் தோன்றுகிறது. எழுத்துப்பலகையில் "இவன் பேர் யோவான்" என்று எழுதியபின்பே அவர் நாவு கட்டவிழ்கிறது. என் கருத்தில் இந்த அதிகாரத்தில் தண்டனையும் இரக்கமும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடம் வேறில்லை.

தீர்க்கதரிசன மேற்கோள்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை போதும். ஏசாயா 7:14-ஐயும் மீகா 5:2-ஐயும் பிறப்பு வரலாற்றில் மேற்கோளாக எடுத்துக்காட்டுபவர் மத்தேயு. அங்கே அறிவிப்பு யோசேப்புக்குச் சொப்பனத்தில் வருகிறது. லூக்கா முதல் அதிகாரத்தில் மேற்கோள் குறிப்பில்லாமல், வேதவாக்கியங்கள் பேச்சிலேயே கலந்து வருகின்றன: எலியாவின் ஆவியும், பிதாக்களின் இருதயங்களைப் பிள்ளைகளிடத்திற்குத் திருப்புதலும் (1:17) மல்கியா 4:5, 6-இலிருந்து; "தேவனாலே கூடாதகாரியம் ஒன்றுமில்லை" (1:37) சாராளுக்காகச் சொல்லப்பட்ட ஆதியாகமம் 18:14-இலிருந்து. தூதனுக்குரிய காபிரியேல் என்ற பெயர்கூடத் தானியேல் 8, 9 அதிகாரங்களை நினைவூட்டவே வருகிறது.

நேரம் இருந்தால் பாடல்களையும் இதே முறையில் படியுங்கள். மரியாளின் பாடலை, சாமுவேலின் தாயாகிய அன்னாளின் பாடலோடு (1 சாமுவேல் 2:1-10) வைத்து வாசிப்பது பலருக்கும் தெரியும். சகரியாவின் பாடலைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், அதுவே விடையை முடிக்க ஏற்ற இடம். தூதன் இயேசுவை "உன்னதமானவருடைய குமாரன் என்னப்படுவார்" என்கிறான் (1:32). வாய் திறக்கப்பட்ட தகப்பன் தன் மகனைப் பார்த்து, "நீயோ பாலகனே, உன்னதமானவருடைய தீர்க்கதரிசி என்னப்படுவாய்" என்கிறார் (1:76). இந்த இரண்டு வசனங்களையும் எண்ணோடு மேற்கோள் காட்டி எழுதினால், ஒப்பீட்டை லூக்காவின் சொற்களிலேயே நிறுவியதாகிவிடும்.