மருந்துவாழ் மலையும் மாமாவின் எல்லைக்கல்லும்

இந்த முறை நாகர்கோவில் போனது ஊர் சுற்ற அல்ல. தோவாளைப் பக்கம் மாமாவுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருக்கிறது, அதன் மேற்கு மூலைக் கல்லை ரொம்ப நாளாகக் காணவில்லை, பக்கத்துத் தோப்புக்காரரோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோய்விட்டது. சர்வேயர் அளக்க வருகிறார் என்றதும் போன் பண்ணி, "வெள்ளனே வந்துரு மக்கா, நீயும் கூட நில்லு" என்றார்.

சர்வேயர் நேராக எங்கள் தோப்புக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். அவரோ வயல்களின் எல்லை அளவு போட்ட புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வயல் தள்ளிப் போய் ஒரு பழைய கல்லைத் தேடினார். மம்பட்டியால் வெட்டிப் பார்த்ததில், வரப்புச் சரிந்து மூடிக்கிடந்த மண்ணுக்கு அடியில் அது இருந்தது, அசையாமல். அங்கிருந்து டேப்பைப் பிடித்து அடுத்த கல், அதற்கடுத்த கல் என்று வந்து, கடைசியில் எங்கள் மூலையில் ஒரு முளை அடித்தார். தெரிந்த கல்லிலிருந்து தெரியாத கல்லுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் இந்த வேலையின் அடிப்படை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாமாவிடம் இருக்கிற மூலப்பத்திரம் மலையாளத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சிதானே, இந்த மாவட்டத்தில் பலர் வீட்டிலும் இதே கதைதான், வாசிக்க ஆள் தேட வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல்காரப் பெரியவர்கள் பேச்சிலோ சென்ட்டே வராது, "இத்தனை மரக்கால் விதைப்பாடு" என்பார்கள். எவ்வளவு விதை விதைக்கலாமோ அதுதான் அந்த நிலத்தின் அளவு. ஏர் பிடித்தவன் கணக்கு அது, எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு.

சரி, ஒரு சென்ட் ஏன் 435.6 சதுர அடி என்று யோசித்ததுண்டா? 1620 வாக்கில் எட்மண்ட் கன்ட்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடி நீளத்தில், 100 கண்ணிகளோடு ஒரு அளவுச் சங்கிலி செய்தார். அந்தச் சங்கிலியில் பத்துச் சதுரம் ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்குதான் சென்ட். இன்றைக்கு வீட்டுமனை விற்கிறவர் வாயில் வருகிற சென்ட்டுக்குள் அந்தச் சங்கிலி இருக்கிறது.

அதற்கு 600 வருடம் முன்பே ராஜராஜன் சோழநாட்டு நிலத்தை அளந்து முடித்திருந்தான். கல்வெட்டுகளில் உலகளந்த கோல் என்று வருகிறதே, அது அளவுகோலின் பெயர். மூவடியால் உலகளந்த பெருமாளின் பெயரை ஒரு கோலுக்கு வைத்தவர்கள் நிலம் அளப்பதை எவ்வளவு பெரிய காரியமாக நினைத்திருப்பார்கள்! செப்பேடுகளில் "கீழ்பாற்கெல்லை" என்று கிழக்கில் ஆரம்பித்து நான்கு திசையும் சொல்வார்கள். மாமாவின் பத்திரத்திலும் அதே நான்கெல்லை உண்டு, மொழிதான் வேறு.

மறுநாள் காலை ஐந்தரைக்கே பொற்றையடி போய் மருந்துவாழ் மலை ஏறினேன். அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள், நாராயண குரு தவம் இருந்த குகையும் வழியில் இருக்கிறது. தண்ணீர் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே பாறை சூடேறிவிட்டால் இறங்குவது கஷ்டம். உச்சியில் தெற்கே கடல், மேற்கே குளமும் வயலும் தென்னையும், வடக்கே மலைகளும் காற்றாலைகளும்.

நான் தேடி வந்தது அந்த வடக்குப் பக்கத்தை. நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளக்கக் கிளம்பிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன், 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே முதல் பக்கமாக ஒரு அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். நூறு அடி எஃகுச் சங்கிலி, வெயிலில் நீண்டுவிடாதபடி மரப்பெட்டிக்குள் வைத்து, ஏழரை மைலுக்கு 57 நாள். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கமும் கணக்கில் வந்துவிடும், அப்புறம் அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். இப்படியே மலையிலிருந்து மலைக்கு, மலை இல்லாத இடத்தில் கோபுரத்துக்கு. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதி நசுங்கியது, லாம்டனே உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைச் சரிசெய்தார்.

அந்த முக்கோணங்களின் தென்கோடி இந்தக் குமரி முனைப் பகுதிதான். சர்வே ஏட்டில் அந்த நிலையத்தின் பெயர் 'புன்னே', அட்சரேகை 8 பாகை 9 நிமிடம் 31 நொடி. முனையிலிருந்து வடக்கே சுமார் 9 கி.மீ. வரும், அதாவது நான் நின்ற உச்சியிலிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம். பூமி எவ்வளவு பெரிது, துருவத்தில் எவ்வளவு தட்டை என்று கணக்கிட்டவர்கள் இந்த இடத்திலிருந்து இமயம் வரைக்கும் போன கோட்டைப் பயன்படுத்தினார்கள். குமரி முதல் இமயம் வரை என்று நாம் வாயால் சொல்வதை அவர்கள் அடி அடியாக அளந்தார்கள். கொடி பிடித்து, மரம் வெட்டி, காய்ச்சலில் செத்துப்போன கூலியாட்கள் பெயர் எந்த மலைக்கும் வைக்கப்படவில்லை, அது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

லாம்டன் இந்தப் பக்கம் அளந்து போன பின், 1816 முதல் 1820 வரை வார்டு, கான்னர் என்ற இரண்டு லெப்டினன்டுகள் திருவிதாங்கூர், கொச்சி முழுவதையும் அளந்து படமும் குறிப்பும் எழுதினார்கள். எங்கள் வயல்களும் அந்தப் படத்துக்குள் வந்துவிட்டன.

வெயில் ஏறும் முன் இறங்கி மாமா வீட்டுக்குத் திரும்பினால் அவர் தோப்பில் நிற்கிறார், பக்கத்துத் தோப்புக்காரரும் கூடவே. முளை அடித்த இடத்தில் புதுக் கல்லை இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கல்லை நேராகப் பிடித்திருக்க, மற்றவர் மண் தள்ளினார்.