பொலி குதிரைகிட்ட விந்து எடுக்கறது: டம்மியா, நின்ன எடத்துலயா, மருந்தா?

போன ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைல ஒரு அண்ணன் என்னைய நிறுத்தி கேட்டாரு, "ஏனுங் டாக்டர், மாட்டுக்கு சினை ஊசி போடறாப்ல குதிரைக்கும் போட முடியாதுங்களா, எதுக்கு பெட்டைய லாரில ஏத்தி ராஜஸ்தான் வரைக்கும் கொண்டு போகோணும்?" அவருகிட்டயே நல்ல மார்வாரி ஜாதி ஆண் குதிரை ஒண்ணு இருக்கு. போடலாங்கண்ணானு சொன்னேன். ஆனா ஊசி போடறது கடைசி வேலை, அதுக்கு முன்னாடி ஆண்கிட்ட இருந்து விந்து எடுக்கணுமே, அதுதான் பெரிய கதை, சந்தைல நின்னுட்டே சொல்ல முடியல. அதனால இங்க எழுதறேன்.

நான் பிகானேர் பக்கம் ஒரு தனியார் பண்ணைல நாலு வருஷம் வேலை பாத்தவன். அங்கதான் ஹிசார் தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்தோட கிளையும் இருக்கு, 2023ல மார்வாரில கரு மாற்று முறைல ராஜ் பிரதமானு ஒரு குட்டி பொறந்துச்சே, அது அங்கதான். ரேஸ் குதிரை வச்சிருக்கவங்களுக்கு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், தரோபிரெட்ங்கற ரேஸ் ஜாதில ஊசி போட்டு பொறந்த குட்டிய எந்த நாட்டுலயும் பதிவு பண்ண மாட்டாங்க, நேரடியா சேத்துனாதான் உண்டு. மத்தவங்க தொடர்ந்து படிங்க.

உலகம் பூரா அதிகமா பண்றது ஏ.வி. முறை, அதாவது செயற்கை யோனி. ஒரு குழாய், உள்ள ரப்பர் உறை, ரெண்டுக்கும் நடுவுல சுடு தண்ணி, கடைசில விந்து விழறதுக்கு பாட்டில். சொல்றப்ப லேசா இருக்கு. இதுல ரெண்டு மாடல் அதிகமா பேசப்படுது. கொலராடோ மாடல் நீளமா கனமா இருக்கும், தண்ணி ரொப்பிட்டா ஒரு ஆள் தோள்ல தாங்கறதே கஷ்டம், ஆனா சூடு ரொம்ப நேரம் நிக்கும், ரெண்டு மூணு குதிரைக்கு வரிசையா எடுக்கறவங்களுக்கு வசதி. மிசௌரி மாடல் லேசு, மேல லெதர் உறை, கைப்பிடி. எனக்கு மிசௌரிதான் புடிக்கும், லேசுங்கறதுக்காக மட்டும் இல்ல. கொலராடோல தண்ணி உறைக்கு உள்ளயே விந்து விழும், தண்ணி கொஞ்சம் அதிக சூடா இருந்தா அணுக்கள் அங்கயே செத்துரும். மிசௌரில குறியோட நுனி தண்ணி உறைய தாண்டி போயிடும், விந்து நேரா பாட்டில் பக்கம் இறங்கிடும். உள்ள 44ல இருந்து 48 டிகிரி இருந்தா பெரும்பாலான குதிரை ஒத்துக்கும். இந்த நாலு டிகிரிக்குள்ளதான் மொத்த வேலையும் இருக்கு, அத நான் கத்துக்கிட்ட விதம் கீழ சொல்றேன்.

எது மேல ஏற விடறதுங்கறது அடுத்த கேள்வி. பருவத்துக்கு வந்த பெட்டை மேல ஏற விட்டு பக்கத்துல நின்னு ஏ.வி.ல புடிக்கலாம், புதுக் குதிரை சீக்கிரம் பழகும், ஆனா பெட்டை ஒரு ஒதை விட்டா ஆணுக்கும் போச்சு நமக்கும் போச்சு. அதனால நான் டம்மி பக்கம், அதாவது பெட்டைக்கு பதிலா ஏற விடற பொம்மை. நல்ல தடிமனான பைப்பு இல்ல மரம், அது மேல கனமா ஸ்பாஞ்சு, அதுக்கு மேல லெதரோ கேன்வாஸோ, முன்னாடி கடிச்சு புடிக்க ஒரு பட்டை. கூரான மூலை ஒண்ணு கூட இருக்கக் கூடாது. முதல் தடவை ஏற மறுக்கும், பருவத்துல இருக்கற பெட்டையோட மூத்திரத்த டம்மி மேல தெளிச்சு, பெட்டைய கண்ணுக்கு தெரியற மாதிரி பக்கத்துல நிறுத்தணும். சில குதிரை ஒரே நாள்ல ஏறும், சிலது ரெண்டு வாரம் இழுக்கும், அடிச்சு ஏத்தறவங்கள பாத்திருக்கேன், எனக்கு வயிறு எரியும்.

எடுக்கறப்ப குதிரைய புடிக்கறவரும் ஏ.வி. புடிக்கறவரும் ரெண்டு பேருமே இடது பக்கம்தான் நிக்கணும், தலைல ஹெல்மெட். ஏதாவது ஆச்சுன்னா தலைய நம்ம பக்கம் இழுத்தா பின்னங்கால் அந்தப் பக்கம் போயிடும். விந்து விடுதா இல்லையானு வால பாருங்க, பம்பு அடிக்கற மாதிரி மேலயும் கீழயும் ஆடும், குறியோட அடில கைய வச்சா துடிப்பும் தெரியும். முதல் மூணு பீச்சுலயே பெரும்பாலான அணுக்கள் வந்துரும், பின்னாடி வர்றது ஜெல்லு, அத பாட்டில்ல இருக்கற நைலான் வடிகட்டி தடுத்துரும். பாட்டில் 37 டிகிரில வெதுவெதுப்பா, ஈரம் இல்லாம, வெயில் படாம இருக்கணும். கழுவுன சோப்பு ஒரு பொட்டு மிச்சம் இருந்தா கூட போதும், எல்லாம் வீண். குதிரையையும் வெறும் வெந்நீர்லதான் கழுவணும், டெட்டால் மாதிரி போட்டு தினமும் தேச்சா தோல்ல இருக்கற நல்ல கிருமி செத்து கெட்டது குடியேறிடும்.

இப்ப அந்த நாலு டிகிரி. பண்ணைல ஆறு வயசு கறுப்பு ஆண் ஒண்ணு, டம்மிக்கு தங்கமா பழகுனது. ஒரு ஜனவரி காலைல குளிருக்கு தண்ணி சீக்கிரம் ஆறிடுமேனு நான் இன்னும் கொஞ்சம் சுடு தண்ணி ஊத்திட்டேன், தெர்மாமீட்டர திரும்ப விட்டு பாக்கல. குதிரை ஏறுச்சு, உள்ள விட்டுச்சு, ஒரே நொடில கத்திக்கிட்டு கீழ எறங்கி பின்னாடி போயி சுவத்துல முட்டி நின்னுச்சு. அப்புறமா அளந்தேன், 54 டிகிரி. தோல் வேகல, கடவுள் புண்ணியம். ஆனா மறுநாள் டம்மி இருக்கற ஷெட்டு வாசல்லயே நாலு காலையும் ஊனி நின்னுடுச்சு, பெட்டைய காட்டுனா ஆசை இருக்கு, ஏ.வி.ய பாத்தா குறி உள்ள போயிடுது. மூணு வாரம் இப்படியே.

அப்பதான் பண்ணைல இருந்த வயசான சைஸ் (குதிரைய பாத்துக்கறவர்) ஒருத்தர், டம்மி வேண்டாம், ஏ.வி.யும் வேண்டாம், நின்ன எடத்துலயே எடுக்கலாம் சாப்னு சொன்னாரு. கையால எடுக்கற முறை இருக்கு, அமெரிக்கால பென்சில்வேனியா பக்கம் குதிரை நடத்தை ஆராய்ச்சி பண்றவங்க நல்லா சோதிச்சு எழுதி வச்சிருக்காங்க. சுடு தண்ணில நனைச்ச ரெண்டு துணி, ஒண்ணு குறியோட அடில, ஒண்ணு நுனில, விந்து விழ சுத்தமான பிளாஸ்டிக் பை, முன்னாடி ஒரு பெட்டை. தண்ணி உறை இல்ல, கனம் இல்ல, குதிரை எங்கயும் ஏற வேண்டாம். அந்தக் கறுப்பன் நாலாவது நாள் விட்டான். அந்த நாள் வால் ஆடறத பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. முதுகு புடிச்சது, பின்னங்கால் அடிபட்டது, குளம்பு வலில ஏற முடியாததுனு இருக்கற வயசான பொலி குதிரைகளுக்கு இதவிட நல்ல வழி கிடையாது. நின்ன எடத்துல ஏ.வி. வச்சும் எடுக்கலாம், ஆனா குதிரை முன்னாடி பாய்ஞ்சா தடுக்க ஒண்ணும் இல்ல, ஆள் பழகுனவரா இருக்கணும்.

காண்டம் மாட்டி பெட்டை மேல ஏத்தி எடுக்கறதும் உண்டு, ஏ.வி.க்கு ஒத்துக்காத குதிரைக்கு கடைசி பட்சம், அழுக்கு சேரும், பாதி நேரம் கழண்டு விழும். கரண்ட் வச்சு எடுக்கறது காளைக்கும் கடாவுக்கும் சரி, குதிரைக்கு முழு மயக்கம் குடுத்தாதான் ஆகும், வழக்கத்துல இல்ல, யாராவது மெஷின் விக்க வந்தா வாங்கிடாதீங்க.

மருந்து குடுத்து எடுக்கறத பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. இமிப்ரமின்ங்கற மன அழுத்த மருந்த குடுத்து, அப்புறம் சைலசின்ங்கற மயக்க மருந்த போட்டா, பெட்டையே இல்லாம லாயத்துல நின்னுட்டே குதிரை விடும். அளவு கம்மி, அடர்த்தி ஜாஸ்தி, ஜெல்லு இருக்காது, தரம் நல்லாவே இருக்கும். ஆனா எல்லாத் தடவையும் வராது, ரெண்டு மூணு நாள் விட்டு விட்டு முயற்சி பண்ணணும், அதுவும் டாக்டர் பக்கத்துல இருந்தா மட்டும். வேற வழியே இல்லாத அடிபட்ட குதிரைக்கு இது வரம், வேலை சுலபம்னு நல்லா இருக்கற குதிரைக்கு போடறது தப்பு.

இன்னொண்ணு, குதிரை திடீர்னு செத்துட்டா விதைய எடுத்து ஐஸ் பெட்டில 5 டிகிரில வச்சு 24 மணி நேரத்துக்குள்ள லேபுக்கு கொண்டு போனா, விதைக்கு மேல ஒட்டி இருக்கற குழாய்ல சேந்திருக்கற அணுக்கள கழுவி எடுத்து உறைய வைக்கலாம். வம்சத்த காப்பாத்த அதுதான் கடைசி வாய்ப்பு, ஒரே ஒரு தடவை.

அந்த அண்ணனுக்கு வருவோம். மாட்டுக்கு ஒரு ஸ்ட்ரா (விந்து அடைச்சு உறைய வச்ச சின்னக் குழாய்) போதும், குதிரைக்கு உறைஞ்ச விந்துனா 0.5 மில்லி ஸ்ட்ரா எட்டு வரைக்கும் கூட ஒரு டோஸுக்கு ஆகும், முட்டை விடற நேரத்த ஸ்கேன்ல பாத்து ஆறு மணி நேரத்துக்குள்ள போடணும். அவரு வீட்லயே ஆணும் பெட்டையும் இருக்கறதால உறைய வைக்கற செலவே வேண்டாம், எடுத்த உடனே விந்து கெடாம வைக்கற பால் கலவைல சேத்து போட்டா போதும்னு சொன்னேன். ஒரு மாசம் கழிச்சு டம்மி செஞ்சுட்டேன்னு போட்டோ அனுப்பிருந்தாரு, மேல சாக்கு சுத்தி, பளபளன்னு பெயிண்ட் அடிச்சு, ஆனா அவரு குதிரையோட திமில் உயரத்துக்கு வச்சிருந்தாரு. அதுல ஏற குதிரை ரொம்ப கஷ்டப்படும், அதவிட தாழ்வா இருந்தா போதும். "கால்ல ஒரு அரை அடி அறுத்துட்டு, சாக்க எடுத்துட்டு கேன்வாஸ் போடுங்கண்ணா, சாக்கு முழங்கால உராஞ்சுரும்"னு சொல்லிருக்கேன். வெல்டர் வெள்ளிக்கிழமை வர்றாராம்.