கால் அங்குலமும் ஆறு மில்லிமீட்டரும்

நானே செய்த ஆம்ப்ளிஃபையர் பாடத் தொடங்கிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் முனகவில்லை, ஸ்பீக்கரில் இரைச்சல் இல்லை, எதுவும் புகையவும் இல்லை. இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் முன்பலகையில் விரலால் திருப்பும் குமிழ் மாட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். மின்சாரம் ஓம் விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கும். குமிழ் யாருக்கும் கட்டுப்படாது.

முன்பலகையில் நான்கு தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. வால்யூம், அடிக்குரலுக்குப் பாஸ், கீச்சுக்குரலுக்கு டிரெபிள், எந்தக் கருவியின் ஒலி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ரோட்டரி ஸ்விட்ச். ஒன்று பழைய ரேடியோவிலிருந்து கழற்றியது, ஒன்று புதியது, மற்ற இரண்டும் உதிரிப் பெட்டியில் எப்போது வந்து சேர்ந்தன என்பது அவற்றுக்கே தெரியாது. ஒன்றின் தண்டு உருண்டை, ஒன்று நடுவில் பிளந்தது, ஒன்று பக்கவாட்டில் சீவியது. இவற்றுக்காக நான் வாங்கியிருந்ததோ ஒரே அச்சில் வார்த்தது போன்ற நான்கு அலுமினியக் குமிழ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கோடு. பொட்டலத்தின் மேல் ‘துளை 6 மி.மீ.’ என்று அச்சிட்டிருந்தது. வெர்னியர் காலிப்பரை உள்ளே விட்டால் 6.4 காட்டுகிறது.

கால் அங்குலத் தண்டு, 6 மில்லிமீட்டர் தண்டு என்று உலகத்தில் இரண்டு குலங்கள் உண்டு. ஓர் அங்குலம் என்றால் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று 1959இல் பல நாடுகள் கூடி ஒப்புக்கொண்டுவிட்டதால், கால் அங்குலம் 6.35. வித்தியாசம் வெறும் 0.35. விற்கிறவருக்கு இரண்டும் ‘ஆறு’தான். 6 மில்லிமீட்டர் துளைக்குள் கால் அங்குலத் தண்டு நுழையவே நுழையாது. அது நேர்மையான பகை. என் விஷயத்தில் துளை பெரிது, தண்டு சிறிது. அண்ணன் சட்டையைப் போட்ட தம்பியைப் போல் குமிழ் தொளதொளவென்று உட்கார்ந்தது.

குமிழின் பக்கத்தில் கிரப் ஸ்க்ரூ என்று தலையில்லாத குட்டித் திருகாணி ஒன்று இருக்கிறதே, இறுக்கினால் சரியாகிவிடாதா? பிடிப்பு வருகிறது, மையம் போய்விடுகிறது. இறுக்க இறுக்கத் தண்டு துளையின் ஓர் ஓரமாகப் போய் ஒண்டிக்கொள்கிறது. திருப்பினால் குமிழ் தலையை ஆட்டிக்கொண்டே சுற்றுகிறது. அந்த ஸ்க்ரூவை இறுக்கும் அறுகோணச் சாவியான ஆலன் கீயிலும் இதே குலச் சண்டைதான். ஸ்க்ரூவின் குழி 1/16 அங்குலம், அதாவது 1.59 மில்லிமீட்டர். என்னிடம் இருந்த கீ 1.5. உள்ளே போகும், திரும்பும், குழியின் மூலைகளை மழித்துவிட்டு வெளியே வரும்.

“பாட்டு நன்றாகத்தானே கேட்கிறது, இன்னும் என்ன நோண்டிக்கொண்டிருக்கிறீர்கள்?” என்றாள் மனைவி.

“குமிழ் ஆடுகிறது.”

“எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.”

“திருப்பிக்கொண்டே பார்.”

பார்த்தாள். அதோடு வினை பிடித்தது. மின்விசிறி ரெகுலேட்டர், வாஷிங் மெஷின் என்று வீட்டிலுள்ள எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்து எது எவ்வளவு ஆடுகிறது என்று அறிக்கை வாசிக்கத் தொடங்கிவிட்டாள். அடுப்புக் குமிழ் ஆடவில்லையாம். “அதைச் செய்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்” என்றாள்.

கேட்கத் தேவையில்லை. சந்தில் ஏதாவது ஒன்றைச் சுற்றி நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். கணக்கு சுலபம்: மொத்த இடைவெளி 0.35 என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 0.175. குளிர்பான டின்னின் தகடு ஏறக்குறைய 0.1. ஒரு சுற்றுச் சுற்றினால் இன்னும் ஆட்டம் மிச்சம்; இரண்டு சுற்றுச் சுற்றினால் குமிழ் ஏறாது. ஒட்டுநாடாவைச் சுற்றினால் முதல் நாள் அழகாகப் பிடிக்கும், பிறகு பசை பிதுங்கி வழுக்கும். இதற்கென்றே மெல்லிய பித்தளை உறைகள் விற்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆம்ப்ளிஃபையரையே சொந்தமாகச் செய்தவன் 0.175 மில்லிமீட்டரைக் காசு கொடுத்து வாங்குவதா? கடைசியில் 0.15 தடிமன் பித்தளைத் தகட்டில் ஒரு கீற்று வெட்டி, டிரில் பிட்டின் மேல் உருட்டி வளைத்து, ஸ்க்ரூ வரும் இடத்தில் விளிம்புகள் சேராமல் சந்து விட்டுச் செருகினேன். ரோட்டரி ஸ்விட்ச் அடங்கியது.

வால்யூம் வேறு ரகம். பிளந்த தண்டு, சுற்றிலும் நுண்ணிய பற்கள். பிளாஸ்டிக் குமிழை அழுத்தி ஏற்றுவதற்கென்றே பிறந்தது. ஏறும்போது பிளவு அமுங்கிக் கொடுக்கும், ஏறியதும் விரிந்து பிடித்துக்கொள்ளும். அதில் ஸ்க்ரூவைக் கொண்டுபோய் இறுக்கினால் ஒரு பாதி உள்வாங்கிக்கொண்டே போகும், கடைசியில் ‘டக்’. ஆகவே பிளவுக்குள் முதலில் ஒரு பித்தளைத் துண்டைச் செருகி, அதற்குமேல் உறையைப் போட்டேன். பல்லுக்குப் பொருந்தும் குமிழையே வாங்கலாமே என்பீர்கள். பரவலாகக் கிடைப்பது 18 பல். அமெரிக்கக் கிடார்களில் 24. ஒன்றின் குமிழ் மற்றதில் ஏறாது. என்னுடையது எது என்று எண்ண மகளைப் பூதக்கண்ணாடியோடு உட்கார வைத்தேன். “17 அப்பா” என்றாள். அப்புறம் “இல்லை, 18” என்றாள். பிளவு ஓடும் இடத்தில் அரைகுறையாக அறுபட்ட பல்லைக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை.

டிரெபிள்தான் நிஜமான வில்லன். ஒரு பக்கம் சீவிய தண்டு. ஸ்க்ரூ அந்தச் சீவலில்தான் உட்கார வேண்டும்; வேறு எங்கு உட்கார்ந்தாலும் வழுக்கும். கோடு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்வதில்லை, தண்டு முடிவு செய்கிறது. பொதுவாக இந்தக் கண்ட்ரோல்கள் 300 பாகை சுழலும். கடிகார முகத்தில் சொன்னால் 7இல் தொடங்கி 5இல் முடியும், நடுநிலை 12. என்னுடையதோ 10இல் தொடங்கி 8இல் முடிந்தது. தீர்வு ஒன்றுதான். தண்டைத் தாங்கும் கண்ட்ரோலின், அதாவது பொட்டென்ஷியோமீட்டரின், நட்டைத் தளர்த்தி, சுழலாமல் தடுக்கும் அந்தச் சின்ன உலோக நாக்கைக் குறட்டால் உடைத்துவிட்டு, உடலையே கால் சுற்றுத் திருப்பி வைப்பது. அது திரும்பினால் மூன்று ஒயர்களும் திரும்பும். ஒயர்கள் திரும்பும் இடத்தில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் நின்றுகொண்டிருந்தது. ஆக, கோடு நேராக நிற்பதற்காகக் கெப்பாசிட்டர் வீடு மாறியது.

ஒரு தொந்தரவும் தராதது பாஸ். பழைய ரேடியோவின் கெட்டியான கால் அங்குலத் தண்டு. குமிழ் வழுக்கிக்கொண்டு ஏறியது, ஸ்க்ரூ ஒரு தரம் திரும்பியது, முடிந்தது. ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. அதைத் திருப்பித் திருப்பி மகிழ்ந்துகொண்டிருந்ததில் சில நாட்களில் உள்ளே கரகரவென்று சத்தம் வரத் தொடங்கியது. காண்டாக்ட் கிளீனர் அடித்தேன். ஒரு மாலை அமைதியாக இருந்துவிட்டு மறுபடியும் கரகர. சரி என்று அதே 100 கிலோ ஓமில் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். மதிப்பு சரி, நட்டு சரி, தண்டு 6 மில்லிமீட்டர், நடுவில் பிளந்தது.

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மகள் வந்தாள். “பிளவில் இருப்பதைச் சேர்த்தா, சேர்க்காமலா?”