எட்டாம் நம்பர் பூட்ஸ்

தருமபுரி பேருந்து நிலையத்தில் பஸ் ஏறியதுமே அக்கா மகன் ஒரு துணிப்பையை என் மடியில் வைத்தான். "பத்திரம் மாமா, இது எனக்கு மட்டும் சொந்தமில்லை" என்றான். உள்ளே எட்டாம் நம்பர் பூட்ஸ், ஒரே ஜோடி. அவனுடைய கல்லூரிக் கால்பந்து அணியில் அந்த அளவுக் கால் இரண்டு பேருக்கு. முதல் பாதி இவன், இடைவேளைக்குப் பின் அவன் என்று மாறி மாறிப் போட்டுக்கொண்டே இறுதிப் போட்டி வரை வந்துவிட்டார்கள். இன்னொரு ஜோடி கேட்டு எழுதிய மனு கல்லூரியில் எந்த மேசையில் தூங்குகிறதோ!

காரிமங்கலம் தாண்டியதும் மாந்தோப்புகள் பூத்துக் கிடந்தன. கிருஷ்ணகிரியைப் பையன்கள் 'வெளியூர்' என்றார்கள். 2004 பிப்ரவரியில் பிரிக்கும்வரை அதுவும் தருமபுரி மாவட்டம்தான். அப்போது இவர்களில் ஒருவனும் பிறந்திருக்கவில்லை, சொல்லி என்ன பயன்?

சையத் பாஷா மலை தெரிகிற செம்மண் மைதானம். எங்களுக்கு அதுவே வரம். சேலத்தில் புல்தரையில் ஆடிய முதல் ஆட்டத்தில் இவர்கள் தடுமாறி, எப்படியோ சமன் செய்து தப்பினார்கள். இங்கே எதிரணிக்குத்தான் திண்டாட்டம். எகிறிக் குதித்த பந்து அவர்களுடைய தடுப்பாட்டக்காரரின் தலைக்கு மேலே போனது. எங்கள் பையன் ஓடிப்போய் உள்ளே தட்டிவிட்டான். இடைவேளைக்கு முன்பே அவர்களும் ஒன்று போட்டுவிட்டார்கள்.

மருமகன் அன்று நன்றாக ஆடியதால் பயிற்சியாளர் அவனை எழுபதாவது நிமிடம் வரை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோதுதான் வினை. வியர்வையில் ஊறி இறுகிப்போன முடிச்சு அவிழவே இல்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பல்லால் கடித்தான். மற்றவன் வெறுங்காலோடு பக்கத்தில் நின்று தவித்தான். உள்ளே பத்துப் பேர்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் யாரோ பிளேடால் கயிற்றை அறுத்தார்கள். தண்ணீர் பாட்டில் மூட்டையைக் கட்டியிருந்த சணலை உருவிக் கோத்துக்கொண்டு அவன் உள்ளே ஓடினான். நடுவர் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஆட்டம் 1-1 என்றே முடிந்து பெனால்டிக்குப் போனது. பதினொரு மீட்டர் புள்ளியில் போட்ட சுண்ணாம்பு எப்போதோ மிதிபட்டு அழிந்திருந்தது. நடுவர் மறுபடி அளந்து குதிகாலால் ஒரு குழி போட்டார். ஐந்தாவதாக உதைக்க வந்தவன் அதே சணல்காரன். அவன் ஓடி வந்தபோது நான் பந்தைப் பார்க்கவில்லை, சணலைத்தான் பார்த்தேன். அறுந்துவிடக் கூடாதே! அறவில்லை. பந்து தரையோடு தரையாக இடது மூலைக்குள் போனது. 4-3.

திரும்பும் வழியில் காவேரிப்பட்டணத்தில் இறங்கி நிப்பட்டு வாங்கி, கோப்பை நிறையக் கொட்டி பஸ் முழுக்க நீட்டினார்கள். நடத்துநர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

தருமபுரி வந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பென்னாகரம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்கள். "கோப்பை இன்றைக்கு உங்கள் வீட்டில் இருக்கட்டும் மாமா" என்று கையில் திணித்துவிட்டு இவனும் போய்விட்டான். காலையில் பார்த்தால் நிப்பட்டுத் தூளைத் தேடிக் கோப்பைக்குள் எறும்புகள் வரிசை கட்டியிருந்தன. பூட்ஸ் பை மட்டும் என்னிடம் இல்லை. அது யார் வீட்டுக்குப் போனது என்று இன்னும் இரண்டு பேரும் சொல்லவில்லை.