மழைமாதக் குறிப்புகள்

ஜூன் 1, 2025, ஞாயிறு

சைக்கிள் விற்கிற கொழும்புக்காரர் இன்றும் கோல் எடுத்தார். "டீச்சர், இன்னொரு ஆளும் கேட்டுக்கிட்டு இருக்கார், சீக்கிரமா ஒரு முடிவு சொல்லுங்க." கார்பன் பிரேம், ஷிமானோ 105 கியர்த் தொகுதி, பின்னால் பதினொரு பல்சக்கரம், 8.3 கிலோ. என்னுடையது 11 கிலோ. விலை மூன்று இலட்சத்து தொண்ணூறாயிரம். சீட்டுக் காசு கையில் இருக்கிறது. தம்பி கட்டாரிலிருந்து மீதியைப் போடுகிறேன் என்கிறான்.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கறுப்பு, ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. அம்மா கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

இடமாற்றக் கடிதம் வரவில்லை.

ஜூன் 4, புதன்

பாடசாலை விட்டதும் ஹட்டனுக்குப் போய், சைக்கிள் திருத்துகிற கடைக்கார நானாவிடம் சைக்கிளைக் காட்டினேன். முன் சில்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ரிம்மின் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளிக்குழி உண்டு, பிரேக் கட்டை உரசுகிற இடத்தில். அந்தக் குழி தெரிகிற வரைக்கும் ரிம்மை ஓட்டலாம், மறைந்துவிட்டால் தேய்ந்து மெலிந்துவிட்டது என்று கணக்கு. நானா விரலால் தடவினார், என் விரலைப் பிடித்துத் தடவச் சொன்னார். குழி இருக்கிற இடமே தெரியவில்லை. விரல் நுனியில் கரிய பசை ஒட்டியது. மழைத்தண்ணியும் றோட்டு மணலும் ரப்பரும் அலுமினியமும் சேர்ந்த பசை. இரண்டு மழைக்காலத்தில் ரிம்மைத் தின்றது அதுதான்.

"டீச்சர், நீங்க ஏறுறதப் பத்தியே யோசிக்கிறீங்க. இந்த ஊர்ல ஏறுறவன் யாரும் சாகிறதில்ல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிளேன்டீ வாங்கித் தந்தார்.

இரவு முழுக்க இறக்கத்தில் வருகிற அந்த வளைவு ஞாபகத்தில்.

ஜூன் 5, வியாழன்

மழை. மழை. மழை.

ஜூன் 7, சனி

ஹஜ் பெருநாள், நானா கடை பூட்டு. நல்லதுதான், போயிருந்தால் மறுபடியும் அதையேதான் கேட்டிருப்பேன்.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் 58 கிலோ. பழைய சைக்கிளோடு 69. கார்பனோடு 66.3. நூற்றுக்கு நாலு வீதம்கூட முழுசாகக் குறையவில்லை. ஏற்றத்தில் காற்றின் தடை சொற்பம். பாரத்தைத் தூக்குவதுதான் முக்கால்வாசி வேலை. ஆகவே நேரமும் ஏறத்தாழ அதே வீதத்தில்தான் குறையும். ஒரு மணித்தியாலம் ஏறுகிற மலையில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். மூன்று இலட்சத்து தொண்ணூறாயிரம் கொடுத்து இரண்டு நிமிடம்!

கியர் வேறு கதை. இப்போது என்னிடம் இருக்கிற மிகச் சின்னக் கியர் முன்னால் 34, பின்னால் 28. மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் 2.55 மீட்டர் போகும். பின்னால் 34 பல் இருந்தால் 2.1 மீட்டர். எட்டு வீத ஏற்றத்தில், நிமிடத்துக்கு 60 சுற்றுச் சுற்றுகிறேன் என்று வைத்தால், உயரம் ஏற மட்டும் முதலாவதுக்கு 138 வாட் வேண்டும், இரண்டாவதுக்கு 114. முழங்கால் உணர்வது இந்த வித்தியாசத்தைத்தான். லிந்துலைக்கு மேலே நான் எழும்பி நின்று மிதிப்பது பலத்தால் இல்லை, கியர் போதாமல்.

34 பல் வைக்க புது சைக்கிள் தேவையே இல்லை. எட்டு கியரிலேயே 11 பல் முதல் 34 பல் வரையான (11-34) பல்சக்கரம் கிடைக்கிறது, செயினைப் பல் மாற்றிப் போடுகிற பின் டெரெய்லர் நீளக் கை உள்ளதாக இருந்தால் அநேகமாகப் போதும். என்னுடையது நீளக் கைதான், போய்ப் பார்த்தேன், டோர்ச் அடித்து.

அப்படியானால் எதற்காக இந்த ஆசை?

ஜூன் 8, ஞாயிறு

கொழும்புக்காரரின் கோலை எடுக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

விடியக்காலையில் மழை விட்டிருந்தது, அதனால் கிளம்பிவிட்டேன். தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறிப் போய், ரதெல்ல குறுக்கு வீதியால் இறங்கத்தான் எண்ணம். போகிற வழியில், போயாவுக்காக எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கிற தன்சல் பந்தலில் சூடாகக் கொத்தமல்லி கொடுத்தார்கள். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விரல்கள் விறைத்துப்போயிருந்தன. ஒரு பெரியவர் "நோனா தனியவா?" என்று சிங்களத்தில் கேட்டார், இன்னொரு கோப்பையையும் நீட்டினார்.

இறங்கத் தொடங்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது.

எழுதி வைக்கிறேன். ரிம் நனைந்திருந்தால் பிரேக்கை அழுத்தினவுடன் பிடிக்காது. கட்டை முதலில் தண்ணியைத் துடைக்க வேண்டும், அதற்குச் சில்லு ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டரில் வந்தால் ஒரு விநாடிக்கு பத்து மீட்டர் போகிறோம். துடைத்து முடித்து உண்மையில் பிடிக்கிறபோது முன்னால் இருக்கிற கொழுந்து லொறியின் பின்பலகையில் எழுதியிருக்கிற இலக்கத்தை வாசிக்கலாம். இன்று வாசித்தேன். கை இரண்டும் முழங்கை வரைக்கும் நடுங்கியது. நிறுத்தி, தேயிலைப் பக்கமாகச் சைக்கிளைச் சாய்த்து, கொஞ்ச நேரம் நின்றேன்.

2023 ஜனவரியில் இந்த வீதியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் போனார்கள். அந்த வேனில் இருந்தவர்கள் நம் பக்கத்துச் சனம். இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது அம்மா வண்டிக்குள் இருந்தே கையெடுத்துக் கும்பிடுவார்.

வீட்டில் அம்மாவிடம் லொறியைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

மட்டக்களப்பு என்றால்?

இன்று ஸ்டாப் ரூமில் அதைத்தான் பேசினார்கள். எனக்கும் அது வரலாம். வந்தால் இந்த யோசனை எல்லாம் வீண். அங்கே ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, ரிம் பிரேக்கே தாராளம். எடை யாருக்கு வேண்டும்? அங்கே எதிரி கச்சான் காற்று, ஆனி ஆடியில் அனல் மாதிரி அடிக்கும் என்று சித்தி சொல்வார். உப்புக் காற்றில் செயினும் நட்டும் துருப்பிடிக்கும். பழைய சைக்கிளுக்கு 28 பல்லே அதிகம்.

வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஏ5 வீதி பேராதனையில் தொடங்குகிறது, நுவரெலியா, பதுளை எல்லாம் தாண்டிப் போய்ச் செங்கலடியில் முடிகிறது. செங்கலடியிலிருந்து மட்டக்களப்பு கிட்ட. நுவரெலியா 1,868 மீட்டர். அங்கிருந்து கடல் மட்டம் வரைக்கும் ஒரே வீதி. விடுமுறைக்கு வீட்டுக்கு வருவதென்றால் இதே வீதியால் ஏறி வரலாம். திரும்பிப் போவதென்றால் இதே வீதியால் இறங்க வேண்டும். இறங்க.

ஜூன் 13, வெள்ளி

கடிதம் வரவில்லை. அதிபரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

கண்டி. ஒரு கடையில் இன்னொன்று இருக்கிறது என்று நானா சொல்லியிருந்தார். அலுமினியப் பிரேம், கார்பன் முன்கவை, ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் (ரிம்மை விட்டு, சில்லின் நடுவில் இருக்கிற தட்டை எண்ணெய் அழுத்தத்தால் பிடிப்பது), அதே 105, பின்னால் 11-34. எடை 9.6 கிலோ. நிறம் ஒரு மாதிரி மங்கின பச்சை, படத்தில் பார்த்தால் மனசுக்குள் ஒன்றும் ஓடாது. நாலு இலட்சத்து பத்தாயிரம். பாரம் கூடினதுக்கு விலையும் கூட!

கடைத் தம்பி ஓட்டிப் பார்க்க விட்டார், என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு. ஹந்தானை வீதியில் ஏறினேன். 34க்கு 34 போட்டால் உட்கார்ந்த நிலையிலேயே ஏறுகிறது. மூச்சு வாங்கியது, ஆனால் முழங்கால் பேசவில்லை. மேலே போய்ச் சேரும்போது மழை கொட்டியது, நான் கேட்டிருந்தாலும் அப்படிப் பெய்திருக்காது.

அப்புறம் இறங்கினேன்.

ஒரு விரல். ஆள்காட்டி விரல் மட்டும். அழுத்தின அளவுக்குப் பிடிக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம், இன்னும் அழுத்தினால் இன்னும். தண்ணியைத் துடைக்கக் காத்திருக்கும் அந்த வெற்று நேரம் இல்லை. தட்டு சில்லின் நடுவில் இருக்கிறது, றோட்டுச் சேறும் தண்ணியும் ரிம்முக்கு வருகிற அளவுக்கு அதற்கு வருவதில்லை. முதல் வளைவில் பழக்கத்தில் நாலு விரலும் போட்டுப் பின்சில்லு வழுக்கப் பார்த்தது, அடுத்த வளைவிலேயே கை கற்றுக்கொண்டது. கீழே வந்து நின்றபோது கை நடுங்கவில்லை. தோள் இறுகிப் போயிருக்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸை, ஓரத்து வடிகானை, நாயை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறேன். இவ்வளவு காலம் இறங்கும்போது நான் முன்சில்லைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கம்பளை வரும்வரைக்கும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

அம்மா: "அந்தக் காசுக்கு ஒரு சங்கிலி எடுத்துப் போட்டா கழுத்துல கிடக்கும். நாளைக்கு ஒரு ஆபத்துன்னா அடகு வைக்கலாம். சைக்கிள யாரு அடகு எடுப்பா?"

அவர் சொல்வதில் தவறில்லை. 2022இல் பெற்றோல் வரிசை நின்ற காலத்தில் வளையலை வைத்துத்தான் இந்தப் பழைய ஜப்பான் சைக்கிளையே வாங்கினோம். அம்மாதான் கழற்றித் தந்தார். அதில்தான் பாடசாலைக்குப் போனேன், அதிலேயே மலையைப் பிடித்துக்கொண்டேன். லயத்துப் பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தது எல்லாம் அப்போதுதான். வளையலை மீட்டுவிட்டோம். ஆனாலும் அம்மாவுக்குக் கணக்கு முடியவில்லை.

ஜூன் 19, வியாழன்

இல்லை. இன்றும் இல்லை. எரிச்சலாக இருக்கிறது. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் தேவையில்லாமல் சத்தம் போட்டேன்.

கொழும்புக்காரர் பத்தாயிரம் குறைத்துக் குறுஞ்செய்தி போட்டிருக்கிறார்.

ஜூன் 21, சனி

மூன்றாவது வழியையும் நேர்மையாக எழுதிப் பார்க்கிறேன். பழையதற்கே புது ரிம் இரண்டு, நல்ல பிரேக் கட்டை, 11-34 பல்சக்கரம், புது செயின். நானா கணக்குப்படி ஐம்பதாயிரத்துக்குள் முடியும். ஏற்றப் பிரச்சினை அத்தோடு தீரும். முழங்காலுக்கு அது போதும்.

இறக்கம் தீராது. 69 கிலோவை நூறு மீட்டர் உயரத்திலிருந்து இறக்கினால் ஏறத்தாழ 68 கிலோஜூல். ஒரு லீற்றர் தண்ணியை 16 பாகை சூடாக்குகிற சக்தி. மெதுவாக, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் அநேகமாக அது முழுவதும் ரிம்முக்குத்தான் போகும், ரிம்முக்கு உள்ளே டியூப். நானுஓயாவிலிருந்து கீழே வருவது நூறு மீட்டர் இல்லை. காய்ந்த நாளில் ரிம்மைத் தொட்டால் சுடும். நனைந்த நாளில் சுடாது, நிற்கவும் நிற்காது. புது ரிம் போட்டாலும் பெளதிகம் அதேதான்.

கொழும்பு கார்பனுக்கும் ரிம் பிரேக்தான். அது இன்றைக்குத்தான் மனசில் சரியாக விழுந்தது. அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பிரேக்கை நான் பார்க்கவே விரும்பவில்லை போலிருக்கிறது. எடையில் பச்சைக்கும் அதற்கும் ஒரு மணி நேர ஏற்றத்தில் ஒரு நிமிடம்தான் வித்தியாசம். அந்த ஒரு நிமிடத்தை மேலே நின்று பிளேன்டீ குடிப்பதில் விடுகிறேன்.

இன்னொன்று டயர். கார்பனில் 28 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போகாது. பச்சையில் 32 போகும். தோட்டத்து உள்வீதிகள், கொங்கிறீட் உடைந்து கல் தெரிகிற அந்த இடங்கள், 32 இருந்தால் நடந்து தள்ள வேண்டியதில்லை.

ஜூன் 23, திங்கள்

கனவில் அந்த வளைவு. லொறி இல்லை, மழையும் இல்லை, ஆனாலும் பிரேக் பிடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கொழும்புக்காரருக்குச் சொல்லிவிட்டேன். "வேணாம் அண்ணே, மன்னிச்சுக்கங்க, மத்த ஆளுக்கே குடுங்க." ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார், பிறகு "சரி டீச்சர்" என்றார். அந்தப் படத்தை போனிலிருந்து அழித்தேன், கொஞ்சம் மனசு வலித்தது. அழகான சைக்கிள்தான் அது.

அம்மாவிடம் இன்று லொறியைப் பற்றிச் சொன்னேன். முழுவதும். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பச்சை நல்லா நிக்குமா?" என்றார்.

"மழையிலயும் நிக்கும்மா."

"அப்ப அத எடு."

மட்டக்களப்பு வந்தால் வரட்டும். கடிதத்துக்காக இந்த மழைக்காலம் நிற்கப் போவதில்லை, நான் நாளைக்கும் இதே றோட்டால்தான் இறங்கப் போகிறேன்.

ஜூன் 26, வியாழன்

தம்பி காசு போட்டுவிட்டான். கண்டிக் கடைக்கு முற்பணம் அனுப்பியாச்சு. ஹைட்ரோலிக் எண்ணெய் மாற்ற நானாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "இதுவரை செஞ்சதில்ல டீச்சர், கொண்டாங்க, ரெண்டு பேரும் படிச்சுக்குவோம்" என்றார். 105க்குப் போடுவது மினரல் எண்ணெய். மோட்டார் சைக்கிளின் டொட் (DOT) பிரேக் எண்ணெயை இதில் ஊற்றவே கூடாது, உள்ளே இருக்கிற ரப்பர் சீல் கெட்டுப்போகும். அதைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் கடைச் சுவரில் ஒட்டப் போகிறேன். மாற்றுப் பிரேக் பேட் இரண்டு சோடி கடையிலேயே வாங்கிவர வேண்டும், ஹட்டனில் கிடைக்காது.

ஜூன் 27, வெள்ளி

நாளை காலை முதல் பஸ்ஸில் கண்டி. மாமா வேனைக் கொண்டு பின்னால் வருகிறார். அதிபர் ஆள் விட்டுக் கூப்பிட்டு அனுப்பினார், ஏதோ தபால் வந்திருக்கிறதாம், திங்கட்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.